எண்டோகிரைனாலஜி பேராசிரியர்களோடு கம்பெனிகள் சேர்ந்து வேலை செய்வது எப்படி: சென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

தரமணி ரிசர்ச் பார்க்கிலும் ஓ.எம்.ஆர். பக்கமும் சர்க்கரை பார்க்கும் மீட்டர், தைராய்டு டெஸ்ட் கிட், பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களுக்கான உணவு ஆப், எலும்புத் தேய்மானத்துக்கான சத்து மாத்திரை என்று ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டிருக்கும் கம்பெனிகள் இன்றைக்கு நிறைய இருக்கின்றன. இவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு கட்டத்தில் மருத்துவக் கல்லூரியில் இருக்கும் ஒரு ஹார்மோன் நிபுணரின் துணை தேவைப்படுகிறது. அந்தக் கட்டம் பெரும்பாலும் ரொம்பத் தாமதமாக வருகிறது என்பதுதான் பிரச்சினை. பொருள் தயார், பெட்டி டிசைன் தயார், விலைகூட முடிவாகிவிட்டது, இனி ஒரு பேராசிரியர் "நன்றாக இருக்கிறது" என்று சொன்னால் போதும் என்ற நிலையில் போய்க் கதவைத் தட்டுகிறார்கள். நல்ல பேராசிரியர் அந்தக் கதவைத் திறக்க மாட்டார். திறப்பவரிடம் உங்களுக்கு வேலை இருக்காது.

ஒன்றை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "உங்கள் பொருள் வேலை செய்யவில்லை" என்று சொல்லும் சுதந்திரம் அவருக்கு இருப்பதால்தான் அவர் "வேலை செய்கிறது" என்று சொல்வதற்கு மதிப்பு. ஆளைத் தேடுவது, கடிதம் எழுதுவது, ஒப்பந்தம் போடுவது, பணம் கொடுப்பது எல்லாவற்றையும் அந்தச் சுதந்திரம் கெடாத மாதிரி அமைக்க வேண்டும்.

யாரைத் தேடுவது

சர்க்கரை பார்க்கும் டாக்டர் எல்லோரும் எண்டோகிரைனாலஜிஸ்ட், அதாவது ஹார்மோன் நிபுணர், இல்லை. பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. முடித்து, அதற்கு மேல் மூன்று வருடம் டி.எம். எண்டோகிரைனாலஜி படித்தவர்கள் ஒரு வகை. டயபடாலஜியில் டிப்ளமோவோ நீண்ட அனுபவமோ உள்ளவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் அவரவர் பலம் உண்டு. நாலாயிரம் சர்க்கரை நோயாளிகளை வருடக் கணக்கில் பார்த்துவரும் ஒருவர் உங்கள் இன்சுலின் பேனாவைப் பற்றிச் சொல்வதை, வாழ்நாள் முழுக்க மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் கட்டிகளைப் பார்த்த பேராசிரியர் சொல்ல முடியாது. தைராய்டு, கர்ப்பகாலச் சர்க்கரை, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடு, அட்ரினல் சுரப்பி, எலும்பு, உடல் பருமன் என்று இந்தத் துறைக்குள்ளேயே தனித்தனி உலகங்கள் இருக்கின்றன. அதனால் பெயரைப் பார்த்துப் போகாதீர்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் கடைசி ஐந்து வருடத்தில் அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பாருங்கள், அப்புறம் சி.டி.ஆர்.ஐ. என்கிற இந்திய கிளினிக்கல் ட்ரையல் பதிவேட்டில் அவர் பெயரைத் தேடி இப்போது எந்த ஆய்வுகளில் இருக்கிறார் என்று பாருங்கள். போட்டிக் கம்பெனி ஒன்றின் ட்ரையலில் அவர் ஏற்கெனவே இருந்தால் அதுவும் அங்கேயே தெரிந்துவிடும்.

இந்த விஷயத்தில் சென்னை கொடுத்துவைத்த ஊர். எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லியில் சர்க்கரை கிளினிக் தொடங்கினார், 1954-இல் ராயபுரத்தில் மருத்துவமனை கட்டினார். 1978-இல் வி. சேஷையா சென்னை மருத்துவக் கல்லூரியில் டயபடாலஜிக்கென்று தனித் துறையையே கொண்டுவந்தார். கோபாலபுரத்தில் மெட்ராஸ் டயபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் இருக்கிறது. நாடு முழுக்க 1,13,043 பேரைப் பார்த்து, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று 2023-இல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆரின் இன்டியாப் ஆய்வை ஒருங்கிணைத்தவர்கள் அவர்கள்தான். போரூரில் ஸ்ரீ ராமச்சந்திரா இருக்கிறது, ரயிலில் இரண்டு மணி நேரத் தொலைவில் வேலூர் சி.எம்.சி. இருக்கிறது. அதோடு அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மருத்துவ ஆராய்ச்சியின் அடிப்படையை அவர்கள் ஆன்லைனிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். பேராசிரியரைப் பார்க்கப் போவதற்கு முன் உங்கள் டீமில் ஒருவரையாவது அதை முடிக்கச் சொல்லுங்கள், பேச்சின் தரமே மாறிவிடும்.

கேள்வியோடு போங்கள்

எங்கள் பொருளை வேலிடேட் செய்து தருகிறீர்களா என்று கேட்கும் மின்னஞ்சல் அவருக்கு வாரத்துக்கு நாலு வரும். உங்களுடையது ஐந்தாவதாக இருக்க வேண்டாம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நீங்கள் விரல் நுனி ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் மீட்டர் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க, சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறார்கள், 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ வந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று முடிவு செய்கிறார்கள். சேஷையாவும் அவரோடு இருந்தவர்களும் சென்னையில் வளர்த்தெடுத்த முறை இது. இப்போது யோசியுங்கள். நம் ஊர்க் கர்ப்பிணிகளில் ரத்தசோகை மிகச் சாதாரணம், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு குறைந்தால் பல மீட்டர்கள் சர்க்கரையை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அப்படியென்றால் 132 இருக்கும் ஒரு பெண்ணுக்கு உங்கள் மீட்டர் 145 காட்டி, தேவையில்லாமல் அவரைப் பயமுறுத்த வாய்ப்பு இருக்கிறதா? ஹீமோகுளோபின் எவ்வளவு குறைந்தால் உங்கள் மீட்டரை நம்பக் கூடாது? பேராசிரியருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி இது. இதை நாலு வரியில் எழுதி, "சர்க்கரை மீட்டர்களுக்கான ஐ.எஸ்.ஓ. 15197 என்ற சர்வதேசத் தரத்தின்படி எங்களிடம் இந்த அளவுக்கு டேட்டா இருக்கிறது, கர்ப்பிணிகளில் இல்லை, இந்தக் கேள்வியைச் சேர்ந்து ஆராய விருப்பம் உண்டா" என்று கேளுங்கள். அவர் பதில் எழுதுவார்.

ஆப் செய்கிறவர்களுக்கும் இதே கதைதான். சென்னைச் சர்க்கரை நோய் நிபுணர் ஏ. ராமச்சந்திரனின் குழு லண்டன் இம்பீரியல் கல்லூரியோடு சேர்ந்து செய்து 2013-இல் வெளியான ஆய்வு ஒன்று உண்டு. சர்க்கரை வரும் விளிம்பில் இருந்த, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரை எடுத்து, அதில் பாதிப் பேருக்கு வழக்கமான அறிவுரையோடு செல்போனில் வாழ்க்கைமுறை பற்றிய குறுஞ்செய்திகளையும் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் குறுஞ்செய்தி பெற்றவர்களிடம் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 36 சதவீதம் குறைவாக இருந்தது. வெறும் எஸ்.எம்.எஸ்.! ஆனால் அவர்கள் எதை அளந்தார்கள் என்று கவனியுங்கள். செய்தியை எத்தனை பேர் திறந்தார்கள், எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்பதை வைத்து முடிவு சொல்லவில்லை, சர்க்கரை நோய் வந்ததா இல்லையா என்று ரத்தத்தைப் பரிசோதித்துச் சொன்னார்கள். உங்கள் ஆப்புக்கும் பேராசிரியர் கேட்கப்போவது அதைத்தான். எச்பிஏ1சி என்பது ரத்தச் சர்க்கரையின் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எண், அதனால் ஆறு வாரப் பைலட்டில் அது குறைந்தது என்று ஸ்லைடு போட்டுக்கொண்டு போனால் அவர் முகம் மாறும். இரும்புச்சத்துக் குறைவே எச்பிஏ1சியை ஏற்றிக் காட்டும் என்பதையும் சேர்த்துத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்மோன் ஆய்வில் அளவீடுதான் பாதி வேலை. கார்டிசால் என்ற ஹார்மோன் காலையில் ஒரு அளவு, இரவில் வேறு அளவு. பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தைராய்டு ரிப்போர்ட்டே சில மெஷின்களில் தப்பாக வரும், முடி கொட்டுகிறதென்று அதைச் சாப்பிடாத ஆள் இப்போது குறைவு. பெண்களின் டெஸ்டோஸ்டிரோன் போல ரொம்பக் குறைந்த அளவில் இருப்பதை எல்லா லேபும் சரியாக அளக்காது. அதனால் எண்டோகிரைனாலஜி பேராசிரியரோடு அதே கல்லூரியின் பயோகெமிஸ்ட்ரி துறையிலிருந்து ஒருவரையும், ஒரு புள்ளியியல் நிபுணரையும் முதல் கூட்டத்திலேயே உட்கார வையுங்கள். எத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்பதை ஆய்வு தொடங்கும் முன் கணக்குப் போட வேண்டும். முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிட்டால் அவரால் செய்ய முடிவது ஒன்றுமில்லை.

போய்ப் பார்க்கும்போது

அரசு மருத்துவமனையில் காலை ஓ.பி. நேரத்தில் போய் நிற்காதீர்கள். சென்ட்ரல் எதிரே ஜி.எச்.சில் காலை பத்து மணிக்கு ஒரு பேராசிரியரின் அறை எப்படி இருக்கும் என்று போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த வரிசையில் நிற்கும் நோயாளியின் நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். மதியத்துக்கு மேல் நேரம் கேட்டு வாங்குங்கள். சேல்ஸ் ஆட்களை அனுப்பாதீர்கள், அந்தப் பொருளை உருவாக்கியவர் நேரில் போகட்டும். பரிசுப் பையோடு போக வேண்டாம். டைரி, பேனா செட் எதுவும் வேண்டாம்.

துறையில் இருக்கும் இளைய உதவிப் பேராசிரியர்களிடமும் பேசுங்கள். ஆய்வை நாள்தோறும் நடத்தப்போவது அவர்கள்தான், துறைத் தலைவர் கையெழுத்து போடுவார். அரசுக் கல்லூரிகளில் பதவி உயர்வும் இடமாற்றமும் திடீரென்று வரும். உங்கள் முதன்மை ஆய்வாளர் பாதி ஆய்வில் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய்விடலாம். அதனால் அதே துறையில் இன்னொருவரைத் துணை ஆய்வாளராகத் தொடக்கத்திலேயே சேர்த்துவிடுங்கள், ஒப்பந்தத்தை ஆளோடு மட்டும் போடாமல் நிறுவனத்தோடும் போடுங்கள். தேர்வு மாதங்களிலும் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வரும் நேரத்திலும் யாரும் உங்கள் ஃபோனை எடுக்க மாட்டார்கள், கால அட்டவணையை அதற்குத் தக்கபடி போடுங்கள்.

பி.ஜி. மாணவர்களின் தீசிஸ் வழியாகச் சின்ன ஆய்வுகளைச் செய்வது செலவு குறைந்த வழி. ஆனால் அது மாணவரின் படிப்பு. பாதகமான முடிவு வந்தது என்பதற்காக நடுவில் கருவியையும் ஸ்டிரிப்பையும் கொடுப்பதை நிறுத்தினால் ஒருவரின் பட்டம் ஆட்டம் காணும். கடைசி வரை கொடுப்போம் என்று எழுத்தில் தர முடியாத கம்பெனி இந்த வழிக்கே வரக் கூடாது என்பது என் கருத்து.

அனுமதிகள்

மருந்தோ, புதிய மருத்துவக் கருவியோ என்றால் மத்திய மருந்துத் தர நிர்ணய அமைப்பின் அனுமதி தேவையா என்று முதலில் பாருங்கள். மருந்துக்கு 2019-ஆம் வருட புதிய மருந்துகள் மற்றும் கிளினிக்கல் ட்ரையல் விதிகள், கருவிக்கு 2017-ஆம் வருட மருத்துவக் கருவி விதிகள். எந்த ஆய்வாக இருந்தாலும், அதில் சேரும் ஆட்களின் நலனைப் பார்க்கும் பதிவு பெற்ற எத்திக்ஸ் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும். சிகிச்சையோ வேறு தலையீடோ உள்ள ஆய்வை, முதல் ஆள் சேரும் முன்பே சி.டி.ஆர்.ஐ.யில் பதிவு செய்ய வேண்டும், பிறகு பதிந்துகொள்ளலாம் என்றால் நல்ல ஜர்னல் எதுவும் கட்டுரையை எடுக்காது. வெளிநாட்டுக் கூட்டாளியோ வெளிநாட்டுப் பணமோ இருந்தால் சுகாதார அமைச்சகத்தின் ஸ்கிரீனிங் கமிட்டி வழியாகவும் போக வேண்டியிருக்கும், அதற்குத் தனியாக மாதங்கள் ஒதுக்குங்கள். ட்ரையலில் பங்கெடுத்ததால் ஒருவருக்குப் பாதிப்பு வந்தால் சிகிச்சைச் செலவும் இழப்பீடும் ஸ்பான்சரான கம்பெனியின் பொறுப்பு, அதற்கான இன்சூரன்ஸ் பேப்பரை எத்திக்ஸ் கமிட்டியே கேட்கும்.

நோயாளி டேட்டா பற்றி ஒரு வார்த்தை. "ஆஸ்பத்திரியில் பத்து வருட ரிப்போர்ட் இருக்கிறதாமே, அதைக் கொடுங்கள், எங்கள் ஏ.ஐ. மாடலுக்கு வேண்டும்" என்று சாதாரணமாகக் கேட்கிறார்கள். அந்த ரிப்போர்ட் பேராசிரியரின் சொத்து இல்லை, அவர் நினைத்தாலும் பென் டிரைவில் போட்டுக் கொடுக்க முடியாது. 2023-ஆம் வருட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது, எத்திக்ஸ் கமிட்டியும் இருக்கிறது. எதற்காக எடுக்கிறோம், அடையாளத்தை எப்படி நீக்குகிறோம், எங்கே வைக்கிறோம், எப்போது அழிக்கிறோம் என்று எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்கிய பிறகுதான் ஒரு வரி டேட்டாகூட வெளியே வர வேண்டும்.

ஒப்பந்தத்தில் வெளியீட்டு உரிமை

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான உறவுகள் உடைவது இந்த இடத்தில்தான்.

தைராய்டு துறையிலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 1987-இல் ஃபிளின்ட் லேபரட்டரீஸ் என்ற கம்பெனி, சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெட்டி டாங் என்ற ஆய்வாளரோடு ஒப்பந்தம் போட்டது. அந்தக் கம்பெனியின் சிந்த்ராய்டு என்ற தைராய்டு மாத்திரையை, அதே லெவோதைராக்சின் மருந்து உள்ள மற்ற மாத்திரைகளோடு ஒப்பிட வேண்டும். தங்கள் மாத்திரைதான் மேல் என்று வரும் என்பது கம்பெனியின் எதிர்பார்ப்பு. வந்த முடிவு வேறு: விலை குறைந்த மாத்திரைகளும் அதற்குச் சமம்தான். இதற்குள் கம்பெனி பூட்ஸ் என்ற இன்னொரு மருந்துக் கம்பெனியின் கைக்குப் போயிருந்தது. கம்பெனியின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது, அதைக் காட்டியே தடுத்தார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஜர்னலான ஜாமாவில் 1995 ஜனவரியில் வர வேண்டிய கட்டுரை கடைசி நேரத்தில் திரும்பப் பெறப்பட்டது, 1997 ஏப்ரலில்தான் வெளிவந்தது. அதற்கப்புறம் நுகர்வோர் வழக்குகள், கோடிக்கணக்கான டாலர் சமரசம். அந்த ஒற்றை வரி இல்லாதிருந்தால் கம்பெனிக்கு ஒரு சாதகமற்ற கட்டுரையோடு விஷயம் முடிந்திருக்கும், வரி இருந்ததால் பெயரும் கெட்டது.

அதனால் உங்கள் வக்கீல் எழுதிக்கொண்டுவரும் வரைவில் சம்மதம் என்ற சொல் வெளியீட்டுப் பகுதியில் இருந்தால் அடித்துவிடுங்கள். முப்பது முதல் அறுபது நாள் வரை முன்கூட்டியே படித்துப் பார்க்கும் உரிமை கேட்கலாம், வியாபார ரகசியம் ஏதாவது தப்பி வந்திருந்தால் எடுக்கச் சொல்லலாம், பேட்டன்ட் போட அவகாசம் கேட்கலாம். முடிவை மாற்றச் சொல்லவோ, வெளியிடாமல் வைக்கவோ முடியாது என்று நீங்களே தெளிவாக எழுதிக்கொடுங்கள். அதைப் பார்த்த பிறகு பேராசிரியர் உங்களிடம் பேசும் விதமே வேறாக இருக்கும். கட்டுரையை உங்கள் ஏஜென்சி எழுதி அவர் பெயரைப் போடும் வழக்கமும் வேண்டாம். யார் உண்மையில் உழைத்து, எழுதி, முழுக் கட்டுரைக்கும் பொறுப்பு ஏற்கிறார்களோ அவர்கள் பெயர்தான் ஆசிரியர் வரிசையில் வர வேண்டும். உங்கள் ஆள் உழைத்திருந்தால் அவர் பெயரும் கம்பெனி அடையாளத்தோடு வெளிப்படையாக வரட்டும்.

பேட்டன்ட் விஷயத்தில் வரிசை முக்கியம். மாநாட்டில் போஸ்டராக ஒட்டிய பிறகு பேட்டன்டுக்கு ஓடினால் புதுமை போய்விட்டது என்று சொல்லிவிடுவார்கள். முதலில் ப்ரொவிஷனல் என்கிற தற்காலிக விண்ணப்பம், அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் முழு விண்ணப்பம், நடுவில் கட்டுரை தாராளமாக வரலாம். மனிதர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் முறைக்கும் நோய் கண்டறியும் முறைக்கும் இந்தியப் பேட்டன்ட் சட்டத்தின் 3(ஐ) பிரிவு இடம் தருவதில்லை, ஆகவே எதற்குப் பேட்டன்ட் கேட்கிறீர்கள் என்பதிலேயே தெளிவு வேண்டும். இன்னொன்று, ஆய்வின் போது பொருளில் வரும் மேம்பாடு யாருடையது என்பதையும் முன்பே எழுதுங்கள். இன்சுலினிலேயே இந்த உரசல் வந்தது. 1922 மே மாதம் டொரன்டோ பல்கலைக்கழகமும் எலை லில்லியும் ஒரு வருடப் பரிசோதனைக் காலத்துக்கு ஒப்பந்தம் போட்டார்கள், கண்டுபிடித்தவர்கள் தங்கள் பேட்டன்டை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார்கள். ஆனால் சுத்திகரிக்கும் நல்ல வழியைக் கண்டது லில்லியின் வேதியியலாளர் ஜார்ஜ் வால்டன், அந்த மேம்பாட்டுக்குக் கம்பெனி தனியாகப் பேட்டன்ட் கேட்டபோது இரு பக்கமும் கசப்பு வந்தது. கடைசியில் மருந்து நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்தது, அது பெரிய விஷயம். உங்களுக்கு அவ்வளவு பொறுமையான கூட்டாளி அமையும் என்று எதிர்பார்க்க முடியாது.

பணம்

ஆய்வுப் பணம் நிறுவனத்தின் கணக்குக்குப் போக வேண்டும். அரசு மருத்துவர் என்றால் டீன் வழியாகவும் தேவைப்பட்டால் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் வழியாகவும் அனுமதி வாங்குங்கள், "அதெல்லாம் வேண்டாம், நேரடியாகப் பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ஆலோசகராக ஒருவரை வைத்துக்கொண்டால் எழுத்துபூர்வ ஒப்பந்தம், செய்த வேலைக்கு நியாயமான கட்டணம், வரிப் பிடித்தம், அவ்வளவுதான். 2024-இல் வந்த மருந்து மார்க்கெட்டிங் சீர்முறைக் கோட்பாடு பரிசுப் பொருளையும் குடும்பத்தோடு அனுப்பும் சுற்றுலாவையும் தடுக்கிறது, கருவிக் கம்பெனிகளுக்கும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. மருத்துவர் எந்த மருந்தையும் பொருளையும் பொதுவில் பரிந்துரைத்து விளம்பரத்தில் நிற்கக் கூடாது என்பது மருத்துவக் கவுன்சில் விதி. அவர் படத்தை உங்கள் இன்ஸ்டாகிராமில் பெட்டியோடு சேர்த்துப் போட்டால் சிக்கல் அவருக்கு வரும். ஆய்வு வெளியான பிறகு கட்டுரையைக் காட்டுங்கள், அது போதும்.

பட்ஜெட்டில் மறக்கப்படும் செலவுகள்: ஆய்வு நர்சின் சம்பளம், நோயாளிகள் திரும்பத் திரும்ப வருவதற்கான பஸ், ஆட்டோ செலவு, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தவருக்குக் காலைச் சாப்பாடு, நிறுவனம் பிடிக்கும் நிர்வாகக் கட்டணம், ரத்த மாதிரிகளை வைத்திருக்கும் டீப் ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் வசதி. சென்னையில் டிசம்பர் மழைக்கு மின்சாரம் போனால் ஒரு வருட சீரம் மாதிரிகள் வீணாகிவிடும், இதைப் பேசாமல் ஆய்வைத் தொடங்காதீர்கள்.

நடக்கும்போதும் முடிந்த பிறகும்

மாதம் ஒரு முறை அரை மணி நேரம் பேசினால் போதும், தினமும் வாட்ஸாப்பில் "எத்தனை பேர் சேர்ந்தாச்சு சார்" என்று கேட்க வேண்டாம். ஆள் சேர்வது நினைத்ததைவிட மெதுவாகத்தான் போகும், ஆடியிலும் பொங்கலை ஒட்டியும் இன்னும் மெதுவாகும். நடுவில் டேட்டாவை எட்டிப் பார்த்து அளவுகோலை மாற்றும் ஆசை வரும். ப்ரோட்டோகாலில், அதாவது ஒப்புதல் பெற்ற ஆய்வுத் திட்டத்தில், எழுதாத எதையும் செய்யாதீர்கள், மாற்றம் வேண்டுமென்றால் எத்திக்ஸ் கமிட்டிக்குத் திருத்தமாகப் போகட்டும்.

சம்மதப் படிவம் தமிழில், ராயபுரத்து ஆட்டோக்காரரும் கண்ணகி நகர் அம்மாவும் ஒரு முறை கேட்டாலே புரிகிற மாதிரி இருக்கட்டும். மார்க்கெட்டிங் டீம் எழுதியதை அப்படியே வைக்காதீர்கள். அந்தந்த நோயாளியின் சொந்த ரிப்போர்ட்டை அவருக்கே கொடுங்கள், தைராய்டோ சர்க்கரையோ புதிதாகத் தெரியவந்தால் எந்த ஓ.பி.க்குப் போக வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

முடிவு சாதகமாக இல்லாவிட்டாலும் பேராசிரியர் அதைக் கட்டுரையாக எழுதட்டும், சி.டி.ஆர்.ஐ. பக்கத்தில் ஆய்வு முடிந்ததையும் பதியட்டும். அடுத்த வாரமே துறைக்குப் போய், உங்கள் இன்ஜினியர்களை உட்கார வைத்து, மீட்டர் எந்த நோயாளிகளிடம் தவறியது, ஏன் தவறியது என்று அவர்கள் வாயாலேயே கேளுங்கள், நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஸ்டிரிப்பின் டிசைன் அந்த நோட்டிலிருந்துதான் வரும். அது தயாரானதும் ஃபோன் செய்ய வேண்டிய முதல் ஆளும் அதே பேராசிரியர்தான்.